வாய் திறக்கக் கூடாத கதிரை

அந்த அறையில் மூன்று கதிரைகள். ஒன்று டொக்டருக்கு, ஒன்று நோயாளிக்கு. மூன்றாவது, மின்விசிறியின் காற்று எட்டாத மூலையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். அது எனக்கு.

மூன்றாவது கதிரையில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான். இதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் பயிற்சிக்கு வந்த மாணவர்களான எங்களை அந்த ஆஸ்பத்திரிக்குள் விட்டிருந்தார்கள்.

அன்று விடியற்காலையில் நல்ல மழை. வெளியே வாங்குகளில் நெருக்கியடித்துக் காத்திருந்தவர்களின் ஈரக் குடைகளிலிருந்து தண்ணீர் கதவுக்குக் கீழாக ஒழுகி, ஒரு கோடாக என் கால் வரைக்கும் வந்திருந்தது. மனநல கிளினிக்கில் அது எனக்கு மூன்றாவது வாரம்.

உள்ளே வந்தவருக்கு ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நகரின் வட கோடியில், முகத்துவாரத்தில் இருந்து வந்திருந்தார். அவரை இங்கே திரேசம்மா என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டேன்.

டொக்டர் சிங்களத்தில் கேட்டார். திரேசம்மாவும் சிங்களத்தில்தான் தொடங்கினார். மன்னாரில் பிறந்து கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். மீன் விலை பேசவும் பஸ்ஸில் சண்டை பிடிக்கவும் போதுமான சிங்களம் அவரிடம் இருந்தது. ஆனால் நித்திரை ஏன் வரவில்லை என்று கேட்டதும் இரண்டு வசனம் தடுமாறிவிட்டுத் தமிழுக்குள் விழுந்துவிட்டார்.

"மகள்ட குரலைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறன் டொக்டர். எழும்பினாலும் அதுதான், படுத்தாலும் அதுதான்."

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. வாசலில் நோயாளிகளின் இலக்கத் துண்டை வாங்கும் சிற்றூழியர் உள்ளே கூப்பிடப்பட்டார். எல்லோருக்கும் அவர் சுனில் அய்யே, சிங்களத்தில் சுனில் அண்ணன். நல்ல மனிதர். நோயாளிகளுக்குத் தன் காசில் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். மருதானைப் பக்கம் வளர்ந்ததால் கொஞ்சம் தமிழ் பேசுவார். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் அந்த கிளினிக்கில் தமிழ் ஆட்களின் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

"மகளின் குரல் காதில் விழுகிறதாம்" என்று சிங்களத்தில் சொன்னார்.

டொக்டர் நிமிர்ந்தார். "அந்தக் குரல் இவரை ஏதாவது செய்யச் சொல்கிறதா, கேளுங்கள்."

"அம்மா, அந்தச் சத்தம் உங்களுக்குச் சொல்றதா? இது செய், அது செய்?"

"ஓம், சொல்லுவாள்தானே. சாப்பிடுங்கோ, குளிசை போடுங்கோ எண்டு."

"ஒவ்வொரு நாளும்?"

"ஒவ்வொரு நாளும் கேக்கிறன் தம்பி."

"மகள் எங்கே?" என்று டொக்டர் கேட்டார். இது திரேசம்மாவுக்கே விளங்கிவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "மகள் இல்லை டொக்டர். போயிட்டாள்" என்றார்.

சுனில் அய்யே குரலைத் தாழ்த்தி, மகள் இப்போது இல்லை என்று சொன்னார். டொக்டரின் முகம் இளகியது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

நான் மூலையில் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன்.

விசர்ப் படிப்பு

இந்தக் கதிரைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உயர்தர வகுப்பில் நான் வர்த்தகப் பிரிவு. கொட்டாஞ்சேனையில் எங்கள் வரிசையில் இருந்த அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் கணக்கியல் படித்தார்கள். நானும் படிப்பேன் என்று யாரும் முடிவு செய்யவில்லை, அது ஏற்கெனவே முடிந்த விஷயமாக இருந்தது. அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் காசாளர். எனக்கும் ஒரு குளிரூட்டிய அறையும் மேசையும் கிடைத்தால் போதும் என்பது அவருடைய ஆசை.

உளவியல் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். உரலை நிறுத்தாமலே கேட்டார்.

"அது விசர்ப் படிப்பெல்லோ?"

"இது விசருக்கு வைத்தியம் பாக்கிற படிப்பு இல்லையம்மா. மனசைப் பற்றிப் படிக்கிறது."

"மனசில படிக்க என்ன கிடக்கு?"

ஏன் அந்தப் படிப்பு என்று கேட்டால் எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. வகுப்பில் எல்லோரும் கணக்குச் சமப்படுகிறதா என்று பார்க்கும்போது, நான் கணக்குப் பிழைத்தவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் காரணம்.

சொந்தக்காரர்களின் பகிடி வேறு. கல்யாண வீடுகளில் பெரியப்பா ஒருவர் என்னைக் கண்டால் உடனே கண்ணை மூடிக்கொள்வார். "என்ர மனசில இப்ப என்ன ஓடுது, சொல்லு பார்ப்பம்." இன்னொரு மாமி தன் உள்ளங்கையையே நீட்டிவிட்டார். நான் கைரேகை படிப்பதில்லை என்று சொன்னதும், "அப்ப மூண்டு வருசமா என்னத்தைத்தான் படிக்கிறாய்?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

ரயில் போகும் வரை பொறுக்கவும்

எங்கள் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழகம் என்று சொன்னால் ஓட்டோக்காரர்களுக்கு விளங்காது. வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், புடவைக் கடைக்கு மேலே இரண்டு மாடிகள். கடையின் பெயரைச் சொன்னால்தான் கொண்டுபோய் இறக்குவார்கள்.

உளவியல் பிரிவில் எங்கள் அணியில் ஒன்பது பேர். ஒருவர் வராவிட்டாலும் வகுப்பறை வெறிச்சென்று இருக்கும். அலுவலகத்தில் இருக்கும் அக்கா உடனே வீட்டுக்குப் போன் எடுத்துவிடுவார். அம்மாவுக்கு என் பாடங்களின் பெயர் தெரியாது. அந்த அக்காவின் பிள்ளைகளுடைய பெயர் தெரியும்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும், விரிவுரையாளர் வசனத்தின் நடுவில் நிறுத்திவிடுவார், நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். உப்புக் காற்றில் கதிரைக் கால்கள் துருப்பிடித்து, எழும்பும்போது சட்டையில் பழுப்புக் கறை ஒட்டும். எங்கள் மாணவர்களைப் பஸ்ஸில் அந்தக் கறையை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று ரிஸ்னா சொல்வாள்.

ரிஸ்னா மாளிகாவத்தையில் இருந்து வருபவள். முதல் நாளே எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, "எனக்கு இங்கிலீஷ் ஓடாது, ஒனக்கு ஓடுமா?" என்று கேட்டாள். எனக்கும் ஓடாது என்றேன். அதிலிருந்து நாங்கள் இருவரும் பிரிந்ததில்லை.

பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். புத்தகங்களின் உதாரணங்கள் எல்லாம் பனி பெய்யும் ஊர்களில் நடந்தன. நானும் ரிஸ்னாவும் கன்டீனில் வடையும் சம்பலும் வைத்துக்கொண்டு, அன்று படித்த ஒவ்வொரு சொல்லையும் தமிழில் சொல்லிப் பார்ப்போம். எங்கள் வீடுகளில் ஆட்கள் இதை எப்படிச் சொல்வார்கள்? மனம் சோர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் 'மனம் சோர்வு' என்று சொல்வதில்லை. நெஞ்சு அடைக்குது என்பார்கள், ஒண்டும் ஏலாம கிடக்கு என்பார்கள். மாளிகாவத்தையில் வேறு மாதிரிச் சொல்வார்கள். அது எங்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. சோதனைக்கு வராத பாடம்தானே.

ஒரே ஒரு ஆஸ்பத்திரி

மூன்றாம் வருடத்தில் கள அனுபவம் கட்டாயம். ஆஸ்பத்திரி ஒன்றில் குறிப்பிட்ட காலம் இருந்து பார்த்தால்தான் பட்டம். பெரிய இடங்களின் மாணவர்களுக்குக் கதவு தானாகத் திறக்கும். எங்களைப் போன்ற சின்ன இடத்து ஆட்களை, "நீங்கள் எந்த யூனிவர்சிட்டி? எங்கே இருக்கிறது?" என்று வாசலில் வைத்தே கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் விரிவுரையாளர் இஷாரா மிஸ்ஸுக்கு அப்போது முப்பது வயதுகூட இருந்திருக்காது. வெயிலில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒன்று சம்மதித்தது. ஒன்றே ஒன்று. அந்த கிளினிக்கின் டொக்டர் போட்ட நிபந்தனைதான் அந்தக் கதிரை.

"யாராவது ஒருவர் பிழை விட்டாலும் ஒன்பது பேருக்கும் கதவு பூட்டிவிடும். விளங்குதா?" என்று இஷாரா மிஸ் எங்களிடம் சொன்னபோது அவர் குரலில் இருந்தது அதிகாரம் இல்லை, பயம். அதனால்தான் எங்களுக்கு அது ஆழமாகப் பதிந்தது.

கேக்குது, கேக்கிறன்

சரி, மழை நாளுக்குத் திரும்புகிறேன்.

டொக்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். குரல் கேட்கிறது, அது கட்டளை போடுகிறது, மகள் இறந்துவிட்டாள். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் என்ன மருந்து எழுதுவார்கள் என்பதை நாங்கள் படித்திருந்தோம். டொக்டரில் பிழை சொல்ல முடியாது. அவருக்கு வந்து சேர்ந்த சொற்களுக்கு அவர் சரியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்குள் ஒரு சொல் முள்ளாகக் குத்தியது. திரேசம்மா 'கேக்குது' என்று சொல்லவே இல்லை. 'கேக்கிறன்' என்றுதான் சொன்னார். கேட்டுக்கொண்டு கிடக்கிறன். தானாக வந்து காதில் விழுவது ஒன்று, நாமாகக் காது கொடுத்துக் கேட்பது வேறொன்று. சிங்களத்திலும் அப்படித்தான். காதில் விழுவது எஹெனவா, காது கொடுப்பது அஹனவா. சுனில் அய்யே முதலாவதைச் சொல்லிவிட்டார். அவசரத்தில் யாருக்கும் வரக்கூடிய தவறு.

'போயிட்டாள்' என்பதும் அப்படித்தானே? முகத்துவாரத்தில் ஒரு பெண் பிள்ளை போய்விட்டாள் என்றால் எங்கெல்லாமோ போயிருக்கலாம்.

ஆனால் நான் நினைப்பது பிழையாக இருந்தால்? மகள் உண்மையாகவே இறந்திருந்தால்? நான் வாயைத் திறந்து அந்தத் தாயின் புண்ணைக் குத்தியும், ஒன்பது பேரின் பட்டத்தைக் கெடுத்தும் விடுவேன். இஷாரா மிஸ்ஸின் முகம் கண்ணுக்குள் வந்தது. டொக்டர் தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"டொக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக்கூடை பேசியது போல.

"நீங்கள் பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஓம் டொக்டர். தயவுசெய்து ஒரே ஒரு கேள்வி. அந்தக் குரல் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்க முடியுமா?"

வெளியே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. டொக்டர் பேனையை மூடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"கேளுங்கள்" என்றார்.

நான் எழும்பி திரேசம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். "அம்மா, மகள்ட குரல் எங்கயிருந்து வருது?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதென்ன விசர்க் கேள்வி என்பது போல.

"போனில இருந்துதான் பிள்ளை. வேற எங்கயிருந்து வரும்?"

சொல்லிவிட்டு, மடியில் அழுத்திப் பிடித்திருந்த கைப்பையைத் திறந்து, பொலித்தீன் உறையில் சுற்றிய போனை எடுத்தார். பெருவிரலால் இரண்டு தரம் தட்டினார். அறை முழுக்க ஒரு இளம் பெண்ணின் குரல் நிறைந்தது.

"அம்மா, எழும்பிட்டீங்களா? சாப்பிட்டுட்டுத்தான் குளிசை போடோணும். வெறும் வயித்தில போடாதீங்கோ, சரியா? மேடம் கூப்பிடுறா. பிறகு கதைக்கிறன்."

சுனில் அய்யே முதலில் சிரித்துவிட்டார். பிறகு திரேசம்மாவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"இதுதான் கடைசியா வந்தது. கோயில் திருநாளுக்கு முதல் வந்தது" என்றார் திரேசம்மா. "குவைத்தில வீட்டு வேலை. பிறகு கதைக்கிறன் எண்டவள்தான், பிறகு ஒண்டுமே இல்லை. எடுத்தா போன் வேலை செய்யுதில்லை. அதுதான் திரும்பத் திரும்ப இதையே கேக்கிறன். இதையும் கேக்காட்டி அவள் இருக்கிறாள் எண்டே எனக்குத் தெரியாம போயிடும்."

சொல்லி முடித்ததும் அழுதார். வாயை மூடாமல், சத்தமாக, அந்த அறைக்கு வந்தவர்கள் அழுவதற்கு வெட்கப்படுவது போல அல்லாமல் அழுதார்.

நான் ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் அன்று ஓடியது. எப்படி என்று தெரியவில்லை.

டொக்டர் எழுதிய தாளை இரண்டாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். பிறகு கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப்போட்டு, மீண்டும் முதலில் இருந்து தொடங்கினார். எப்போது சாப்பிட்டீர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள், கணவர் எங்கே, மகளை அனுப்பிய முகவர் யார். நான் நடுவில் குந்தியபடி மாற்றி மாற்றிச் சொன்னேன். கால் விறைத்துவிட்டது. முடிவில் நித்திரைக்கு மெல்லிய மருந்து ஒன்று மட்டும் எழுதி, ஆஸ்பத்திரியின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அவரைக் கையோடு அனுப்பிவைத்தார்.

கதவு மூடியதும் என்னைப் பார்த்தார். "இன்றைக்கு இனி நீங்கள் உள்ளே இருக்க வேண்டாம். உங்கள் விரிவுரையாளரை என்னோடு பேசச் சொல்லுங்கள்."

ஒன்பது பேர்

அடுத்த நாள் வகுப்பறையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரிஸ்னா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தடி செஞ்ச அபிராமி? ஒழுங்கா சொல்லு, கொஞ்சம் கொஞ்சமா சொல்லாத" என்றாள். சொன்னேன். "அல்லாஹ்வே" என்றாள். பிறகு, "நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றாள். "இல்ல, கேட்டிருக்க மாட்டேன். பயந்திருப்பேன்" என்று திருத்திக்கொண்டாள்.

மட்டக்குளியில் இருந்து வரும் பிரவீன் அப்படி விடவில்லை. அவன் பகலில் படித்துவிட்டு இரவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன். பட்டம் கையில் வந்தால்தான் அந்த இரவு வேலையை விடலாம்.

"நீ ஹீரோயின் ஆகிறதுக்கு எங்கட டிகிரிதானா கிடைச்சது?" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் செய்ததிலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயங்களும் ஒரே வகுப்பறையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன.

இஷாரா மிஸ் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்டார், தலையாட்டினார், "டொக்டர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் யாரும் கிளினிக்குக்குப் போக வேண்டாம்" என்றார். ரயில் போனது. அது போய் முடிந்ததும் பாடப் புத்தகத்தைத் திறந்தார்.

அம்மாவின் கேள்வி

வீட்டில் இதைச் சொல்லாமல் மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் அலுவலக அக்காவின் போன் எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "இப்ப டிகிரி தருவாங்களா, இல்லையா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இந்த வயதில் கணக்கியலுக்கு மாறலாமா என்று அவர் மனதுக்குள் கூட்டிக் கழிப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உளவியல் படிக்காமலே தெரிந்திருக்கும்.

அம்மா முழுக் கதையையும் என்னிடம் திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். போனில் இருந்து குரல் வந்த இடத்தில் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பிள்ளை கதைச்சிட்டாளா?"

"எந்தப் பிள்ளை?"

"குவைத்தில நிக்கிற பிள்ளை. தாயோட கதைச்சிட்டாளா?"

"தெரியாதம்மா."

"அதைக் கேக்காமலா வந்தனீ?"

டிகிரி, டொக்டர், ஒன்பது பேர், எதைப் பற்றியும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அந்த ஒரே கேள்விதான். விசர்ப் படிப்பு என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை. எப்போது நின்றது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை

இஷாரா மிஸ் வெள்ளிக்கிழமை மத்தியானம் கழித்துத்தான் திரும்பி வந்தார். புடவைக் கடைக்குப் பக்கத்துப் படிகளில் ஒன்பது பேரும் வரிசையாக இருந்தோம். அவர் குடையைச் சுருக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நின்றார். முகத்தில் இருந்து ஒன்றும் விளங்கவில்லை.

"அபிராமி செய்தது விதிமீறல். அதை டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நானும் சொல்கிறேன்."

பிரவீன் தலை குனிந்தான்.

"திங்கட்கிழமையில் இருந்து எல்லோரும் திரும்பப் போகலாம்" என்றார் மிஸ். "இன்னொன்றும் கேட்டார். இந்த அணியில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று."

ரிஸ்னா என்னை இடித்த இடிப்பில் நான் ஒரு படி கீழே வழுக்கிவிட்டேன்.

ஆனால் உடனே யாரையும் மொழிபெயர்க்க விடவில்லை. முதலில் பயிற்சி வேண்டும் என்பதில் டொக்டரும் மிஸ்ஸும் ஒரே பிடியாக நின்றார்கள். ரிஸ்னா, பிரவீன், நான் மூவரும் வாரத்தில் ஒரு பின்னேரம் மிஸ்ஸிடம் போனோம். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது, விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும். இலகுவாகத்தான் தெரியும். செய்து பாருங்கள். ஒருவர் அழுதபடி சொல்வதை, அவருக்காக ஒரு நல்ல சொல்லும் சேர்க்காமல் அடுத்தவரிடம் சேர்ப்பது போல் கடினமான வேலை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

சுனில் அய்யேயும் ஒரு நாள் வந்து எங்களோடு இருந்தார். என்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்துக்கொண்டு, என்னைத் தங்கச்சியாக்கி, "நங்கி, கேக்குது, கேக்கிறன், மற்றது என்ன? எல்லாம் சொல்லுங்க, நான் எழுதுறது" என்றார்.

போன் இல்லாத குரல்

இதை எழுதாமல் விட்டால் நான் ஏதோ டொக்டரை விடக் கெட்டிக்காரி என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

பயிற்சி முடிந்து நான் மொழிபெயர்த்த முதல் வாரங்களில் ஓர் இளைஞர் வந்தார். தனக்குக் குரல் கேட்கிறது என்றார். எனக்குள் ஒரு துள்ளல். இதுவும் போனாகத்தான் இருக்கும், அல்லது பக்கத்து வீட்டு வானொலியாக இருக்கும். டொக்டர் சொல்லாமலே ஒரு கேள்வியைக் கூட்டிக் கேட்க வாயெடுத்துவிட்டேன். டொக்டர் விரலை மட்டும் உயர்த்தினார்.

போனும் இல்லை, வானொலியும் இல்லை. அந்த இளைஞருக்கு உண்மையாகவே குரல் கேட்டது. பல மாதங்களாக யாரிடமும் சொல்லாமல் அதோடு தனியாகப் போராடியிருந்தார். டொக்டர் எழுதிய மருந்து அவருக்குத் தேவைப்பட்டது. கொஞ்சக் காலத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். முதல் சம்பளத்தில் கிளினிக்கில் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் அவமானமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது. ஊகிப்பது என் வேலை இல்லை. அவர் சொன்னது முழுதாகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதைச் செய்தால் போதும் என்று தெரிந்ததும் தோளில் இருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது.

குவைத்தில் இருந்து

திரேசம்மா மாதா மாதம் வந்தார். சமூக சேவை உத்தியோகத்தர் அவருடைய முறைப்பாட்டைப் பதியவைத்து, பின்னால் திரிந்து விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டு தரம் வந்தபோதும் செய்தி இல்லை. அம்மாவிடம் இல்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் தரம் அவர் வாசலில் வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. தலையில் பூ வைத்திருந்தார்.

மகள் வேலை செய்த வீட்டார் வேறு ஊருக்கு மாறியிருக்கிறார்கள். மாறுகிற அமளியில் போன் உடைந்துவிட்டது. புது இடத்தில் வெளியே போக விடவில்லை. பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் ஒருநாள் போனை வாங்கியிருக்கிறாள். ஆனால் தாயின் இலக்கம் உடைந்த போனுக்குள். மனப்பாடமாக இருந்தது, சின்ன வயதில் இருந்து பார்த்த தெருமுனைக் கடையின் பெயர்ப் பலகையில் இருந்த போன் இலக்கம் மட்டும்தான்.

"கடைக்கார நானா போனைக் காதில வச்சபடியே ஓடிவாறார் பிள்ளை" என்று திரேசம்மா எழும்பி நின்று நடித்துக் காட்டினார். "சாரத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு. கடையில ஆக்கள் நிக்கினம், கல்லாப்பெட்டி திறந்து கிடக்கு, மனுசன் ஓடிவாறார். 'உங்கட மகள், உங்கட மகள்' எண்டு கத்திக்கொண்டு. நான் யாரோ செத்திட்டினம் எண்டு நினைச்சிட்டன்."

ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. அதற்கு முன் ஊருக்கு வர வழி பார்க்கிறார்கள் என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் இப்போது சாப்பிட்டார், நித்திரை கொண்டார், பூ வைத்துக்கொண்டார்.

நான் டொக்டரிடம் சொல்லத் திரும்பினேன். டொக்டர் கையால் என்னைத் தடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, திரேசம்மாவைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"நல்லா... நித்திரை... வருதா?"

ஒவ்வொரு சொல்லும் புதுச் செருப்புப் போட்டு நடப்பது போல வந்தது. வாசலில் நின்ற சுனில் அய்யே உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

திரேசம்மா வாய் பிளந்து பார்த்தார். பிறகு அவரும் நிமிர்ந்து இருந்துகொண்டு, தன்னிடம் இருந்த அத்தனை சிங்களத்தையும் திரட்டி டொக்டருக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். நித்திரையில் தொடங்கி மகளுக்குப் போய், மகளில் இருந்து கடைக்கார நானாவின் சாரத்துக்குப் போனார். சொல் கிடைக்காத இடங்களில் கையை ஆட்டினார். டொக்டர் தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டார். இருவரும் பிழையாகப் பேசினார்கள். இருவருக்கும் விளங்கியது.

அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேலையே இருக்கவில்லை. அன்றைப் போல ஒரு நல்ல நாளை அந்தப் படிப்பு எனக்குத் தந்ததில்லை.